புதுப்பிப்பு: பழைய அவுட்போர்டு மோட்டார், கோளாறு கார்புரேட்டரில் இல்லை, ரிங்கில்!

போன முறை கேட்டிருந்தது இதுதான்: 2 சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்). ஐடிலில் ஒழுங்காக ஓடுகிறது, ஆள் ஏறினால் படகை இழுக்க மாட்டேன் என்கிறது. கார்புரேட்டர்தான் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். தப்பு.

எஞ்சினைச் சூடாக்கி, இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பார்த்தேன். மேல் சிலிண்டர் 115 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 70. இரண்டுக்கும் 10 சதவீதம் முன்னே பின்னே என்றால் விட்டுவிடலாம், இது அந்த ரகம் இல்லை. கீழ் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டதும், அது ரிங் (பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் வளையம்) ஓரக் கசிவை அடைத்து, 95க்கு ஏறியது. ரிங் தேய்மானம் என்று தோன்றினாலும், அவுட்போர்டில் சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பதால் ஆயில் ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். அதை மட்டும் நம்ப மனம் வரவில்லை.

சரி என்று எக்ஸாஸ்ட் கவரைத் திறந்தேன். (ஒரு போல்ட் உடைந்தது, அது தனிக் கதை.) போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனில் நீளவாக்கில் கீறல்கள். மரக்குச்சியால் ரிங்கை அழுத்தினேன். ஸ்பிரிங் மாதிரி உள்ளே போய் வர வேண்டியது, கரி பிடித்து அசையவே இல்லை.

அப்புறம் ஹெட்டையும் (சிலிண்டரின் மூடி) கழற்றிச் சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டினேன், கீறல் தடுக்கியது. ஹோனிங் (உள்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்குவது) போதாது. போர் செய்து (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து கொஞ்சம் பெரிதாக்கி) அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடப் போகிறேன்.