புதுப்பிப்பு: மின்சுற்றுப் பாடத்துக்கு இலவச வழி கிடைத்தது

வீட்டில் படிக்கும் என் மகளுக்கு மின்சுற்று புரியவில்லை, இலவசமாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் வீடியோக்களைப் போட்டுக் காட்டினேன். பார்த்தாள், மறந்துவிட்டாள். கைகொடுத்தது கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' (PhET) தளம்தான். 2002-இல் இயற்பியலாளர் கார்ல் வீமன் தொடங்கியது. திரையிலேயே கம்பி, பேட்டரி, பல்பை இழுத்து இணைக்கலாம். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினாள், இன்னொன்றும் அணைந்தது. ஒவ்வொரு பல்பையும் பேட்டரியோடு நேராக இணைக்கும் பக்க இணைப்பில் அணையவில்லை. "அப்போ இதுக்குத் தனி வழி இருக்கு!" என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குப் பூரிப்பு.

எதிர்பாராதது: பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கிறது. குறுக்குச்சுற்று ஏன் ஆபத்து என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

தேடி வருபவர்களுக்கு: பதிவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.