டிராஃப்ட் இரவு: உங்கள் அணி எடுத்த பையனும் அன்று வீட்டில் எழுந்த சத்தமும்

எடிசன், நியூ ஜெர்சி (மெட்ஸ் ரசிகர்)

ஜூலை நெருங்குகிறது, பேஸ்பால் டிராஃப்ட் வரப்போகிறது, பள்ளி, கல்லூரிப் பையன்களை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் நாள். உங்கள் அணி ஒரு பையன் பெயரைச் சொன்ன அந்த நிமிடம் எப்படி இருந்தது, பிறகு என்ன ஆனது என்று எல்லோரும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2021 ஜூலை 11, டென்வர். பத்தாவது இடத்தில் எங்கள் நியூயார்க் மெட்ஸ் அணி சொன்ன பெயர் குமார் ராக்கர், பந்து போடுகிற பிட்சர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா சோபாவில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டிவியில் பெயர் வந்ததும் கத்தி அப்படியே நின்றது. “என்னடா, குமார்னு சொல்றாங்க?” என்றார். பையனின் அம்மா லலிதா இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர், அப்பா ட்ரேசி ராக்கர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பேர் வாங்கியவர் என்று விளக்கினேன். அதற்குப் பிறகு அம்மா டிவியை விட்டு நகரவில்லை.

கல்லூரி பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு அவனை 2019-இலேயே தெரியும். வாண்டர்பில்ட்டில் முதலாண்டு மாணவன், டியூக் அணிக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) செய்து, ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டர் போட்டான். அந்த வருடம் வாண்டர்பில்ட் காலேஜ் வேர்ல்ட் சீரிஸை வென்றது, தொடரின் சிறந்த வீரன் அவன்தான். அப்படிப்பட்டவன் பத்தாவது இடம்வரை நழுவி நம் கைக்கு வந்தான். மெட்ஸ் ரசிகர்கள் குதித்தார்கள். பேசி முடித்த சைனிங் போனஸ், அதாவது கையெழுத்திடக் கொடுக்கும் தொகை, 60 லட்சம் டாலர். அந்த இடத்துக்கு லீக் வைத்திருந்த ஸ்லாட் தொகை சுமார் 47 லட்சம்தான்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை. கையில் ஏதோ இருக்கிறது என்று அணி தயங்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் 1 கடைசி நாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் இன்னொரு அடி: 2020-இல் முதல் சுற்றில் எடுத்த பீட் க்ரோ-ஆம்ஸ்ட்ராங்கைக் கப்ஸ் அணிக்குக் கொடுத்து ஹவியர் பயஸை வாங்கினார்கள். ஞாயிறு மாலை கெடு முடிந்தது, ராக்கருக்கு ஒப்பந்தம் இல்லை. ஒரே வார இறுதியில் இரண்டு வருடத்து முதல் சுற்றுப் பையன்களும் போய்விட்டார்கள். அந்த சீசனும் 77 வெற்றி, 85 தோல்வி என்று முடிந்தது.

எனக்கு இன்றும் ஆறாத விஷயம் பணம் அல்ல, விதி. டிராஃப்டுக்கு முன்பே எம்ஆர்ஐ கொடுக்கிற திட்டத்தில் சேர்ந்த பையனுக்கு அணி ஒரு குறைந்தபட்சத் தொகையாவது கொடுக்க முன்வர வேண்டும். ராக்கர் அதில் சேரவில்லை, அதனால் ஒன்றுமே கொடுக்காமல் விட அணிக்கு உரிமை இருந்தது. விட்டதற்கு ஈடாக அடுத்த வருடம் 11-ஆவது இடமும் கிடைத்தது. பையனுக்கு என்ன ஈடு? ஒரு வருடம் போனது, அவன் தோளைப் பற்றி நாடே பேசியது. டிராஃப்ட் வீரர்கள் ஸ்லாட் தொகையைப் போல ஐந்து மடங்குவரை அணிக்கு மதிப்புள்ளவர்கள், அப்படிப்பட்ட முதலீட்டிலிருந்து தான் ஒதுங்குவதில்லை என்று உரிமையாளர் ஸ்டீவ் கோஹன் ட்விட்டரில் எழுதியதும் அந்த நாட்களில்தான். அதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என்னைப் பொறுத்தவரை அவன் முதலீடு இல்லை, 21 வயதுப் பையன்.

ஆல்பனி, நியூயார்க்

எடிசன் அண்ணா, அந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் எங்கள் பக்கத்தில் கழிந்தது. அதை எழுதுகிறேன்.

2022 ஜூனில் ராக்கர் இங்கே ட்ராய் ஊரில், ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ் அணிக்கு பந்து போட வந்தார். அது ஃப்ரான்டியர் லீக், எந்தப் பெரிய அணியோடும் கட்டுப்படாத லீக். முன்பு அந்த வேலிகேட்ஸ் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் மைனர் லீக் அணி, அதாவது பெரிய அணிக்கு ஆள் தயாரிக்கும் கீழ்நிலை அணி. 2020-க்குப் பிறகு மைனர் லீக்கைச் சுருக்கியபோது வெளியே விடப்பட்டது. கைவிடப்பட்ட அணி, கைவிடப்பட்ட பையன், அவ்வளவு பொருத்தம்.

ஜோ புருனோ ஸ்டேடியத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் வரிசை முழுக்கப் பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள். அவர் கையைத் தூக்கியதும் பந்தின் வேகத்தை அளக்கும் அத்தனை ரேடார் கன்னும் ஒன்றாக எழும், பந்து கேட்சர் கையில் விழுந்ததும் ஒன்றாகத் தாழும், எல்லோரும் குனிந்து நோட்டில் எண்ணை எழுதுவார்கள். அதே பையன், அதே தோள். ஆனால் அவர் போட்ட ஸ்லைடர் இருக்கிறதே, பேட்ஸ்மேன் முட்டி உயரத்துக்கு வருகிற மாதிரி வந்து, கடைசி நொடியில் தரையைத் தேடிப் போகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒவ்வொரு தடவையும் மூச்சை உள்ளே இழுத்தார். அங்கே மொத்தம் 20 இன்னிங்ஸ், 32 ஸ்ட்ரைக்அவுட். முந்தின செப்டம்பரில் தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ் (ரேஞ்சர்ஸ் ரசிகர்)

தொடர்ச்சி என்னிடம் இருக்கிறது. 2022 டிராஃப்டில் மூன்றாவது இடம் எங்களுடையது. முதலில் பால்டிமோர் ஜாக்சன் ஹாலிடேயை எடுத்தது, அரிசோனா ட்ரூ ஜோன்ஸை எடுத்தது. மூன்றாவதாகக் குமார் ராக்கர் என்றார்கள். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் வெள்ளம். பத்தாவது இடத்திலேயே வேண்டாம் என்று விட்டவனை மூன்றாவதிலா, யாராவது பந்தயம் கட்டினார்களா, இதெல்லாம் ஜாக் லைட்டருக்குத் துணை சேர்க்கவா என்று. லைட்டர் வாண்டர்பில்ட்டில் ராக்கரோடு ஆடியவர், 2021-இல் நாங்கள் இரண்டாவதாக எடுத்தவர்.

கணக்கு மறுநாள்தான் புரிந்தது. கோரி சீகர், மார்கஸ் செமியன் என்ற இரண்டு பெரிய வீரர்களை வாங்கியதற்கு விலையாக இரண்டாம், மூன்றாம் சுற்று இடங்களை இழந்திருந்தோம். ராக்கர் 52 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அந்த இடத்தின் ஸ்லாட் சுமார் 76 லட்சம். ஒரு இடத்தில் மிச்சமாவதை இன்னொரு பையனுக்குக் கொடுக்கலாம், அந்த மிச்சத்தில்தான் நான்காம் சுற்றில் ப்ராக் போர்ட்டர் என்ற பள்ளிப் பையனுக்கு 37 லட்சம் கொடுக்க முடிந்தது. முதல் சுற்றில் போகவேண்டிய பையன், நான்காம் சுற்றில் கிடைத்தான். டிராஃப்ட் இரவில் ஒரு பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கத்துகிற எல்லோரையும் உட்காரவைத்து இந்த ஒரு கணக்கைக் காட்டவேண்டும் என்று நினைப்பேன்.

2023 மே மாதம் ராக்கருக்கு முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. ‘அன்றைக்கே சொன்னோமே’ என்றவர்களுக்குக் குறைவில்லை. அந்த இலையுதிர்காலத்தில் அணி வேர்ல்ட் சீரிஸ் வென்றபோது அவன் கை தேறுவதற்காகக் காத்திருந்தான். 2024-இல் குணமாகித் திரும்பும் வழியில் ரேஞ்சர்ஸின் மைனர் லீக் அணியான எங்கள் ஊர் ரஃப்ரைடர்ஸுக்குப் பந்து போட வந்தான். ரைடர்ஸ் ஃபீல்டில் வலது பக்கச் சுவரை ஒட்டி நீச்சல்குளம் மாதிரி ஒன்று இருக்கிறது, ரப்பர் வளையத்தில் மிதந்தபடி ஆட்டம் பார்க்கலாம். என் இரண்டு பிள்ளைகளும் எப்போதும் அங்கேதான் கிடப்பார்கள். அன்றைக்கு நான் கூப்பிடாமலே துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து வேலியில் தொங்கினார்கள். “அப்பா, நிஜமாவே அவர் பேரு குமாரா?” என்று சின்னவன் இரண்டு தடவை கேட்டான்.

பிட்ஸ்பர்க் (பைரேட்ஸ் ரசிகர்)

நீங்கள் எல்லாம் ஒரு வார இறுதியைச் சொல்கிறீர்கள். நாங்கள் இருபது வருடத்தைச் சொல்லவேண்டும். 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது சீசன் தோல்விக் கணக்கில் முடித்த அணி எங்களுடையது. அந்த மாதிரி அணிக்கு டிராஃப்ட்தான் தீபாவளி.

நான் படிக்க வந்த புதிது, 2002. முதல் இடம் எங்களுக்கு. பிரையன் புல்லிங்டன் என்ற கல்லூரி பிட்சரை எடுத்தார்கள். அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களில் மூன்றாம் நிலையில் வருவார் என்று ஜெனரல் மேனேஜரே மதிப்பிட்டார். நாட்டிலேயே முதலாவதாக எடுக்கிறவனைப் பற்றி இப்படியா? அவருக்குப் பின்னால் போனவர்களைப் பாருங்கள்: ஆறாவதாக ஸாக் கிரெய்ங்கி, ஏழாவதாகப் பிரின்ஸ் ஃபீல்டர், 17-ஆவதாகக் கோல் ஹேமல்ஸ். புல்லிங்டனுக்கு மேஜர் லீக்கில் கிடைத்த ஒரே வெற்றி 2010-இல், அதுவும் கேன்சஸ் சிட்டி சட்டையில். அவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது, முதலில் எடுங்கள் என்று அவர் கேட்கவில்லை.

2007 இன்னும் மோசம். நான்காவது இடத்தில் எல்லோரும் எதிர்பார்த்தது மாட் வீட்டர்ஸ் என்ற கேட்சரை. கேட்கிற பணம் அதிகம் என்ற பேச்சு இருந்தது. எடுத்தது டேனியல் மாஸ்கோஸ் என்ற பிட்சரை. வீட்டர்ஸ் அடுத்த இடத்திலேயே பால்டிமோருக்குப் போனார். அதே மாதக் கடைசியில் எங்கள் மைதானமான பிஎன்சி பார்க்கில் ரசிகர்கள் எதிர்ப்பைக் காட்ட மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் எழுந்து வெளியே நடந்தார்கள். நானும் நடந்தேன். டிக்கெட் காசு கொடுத்து உள்ளே போய் நடுவில் எழுந்து வருவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்கு எழுந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வடுக்களோடுதான் 2023-க்கு வந்தோம். யார் முதலில் எடுப்பது என்பதற்கு முதல் தடவையாக லாட்டரி முறை, முதல் இடம் எங்களுக்கு விழுந்தது. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரே அணியில் இருவர்: பிட்சர் பால் ஸ்கீன்ஸ், அவுட்ஃபீல்டர் டிலன் க்ரூஸ். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட இதே பேச்சு. பிட்சர் கை எப்போது வேண்டுமானாலும் போகும், தினமும் ஆடுகிற க்ரூஸ்தான் வேண்டும் என்பது ஒரு கட்சி. பெரிய பிட்சர் நம்மிடம் தானாக விலைக்கு வரமாட்டார், டிராஃப்டில்தான் கிடைப்பார் என்பது நான் இருந்த கட்சி. ஆனால் இரண்டு கட்சிக்கும் பொதுவான பயம் ஒன்று இருந்தது: இரண்டு பேரையும் விட்டுவிட்டு, குறைந்த பணத்துக்கு ஒத்துக்கொள்கிற ஒருவரை எடுத்துவிடுவார்களோ என்று. 2021-இல் ஹென்றி டேவிஸை அப்படி ஸ்லாட்டுக்குக் கீழே எடுத்து, மிச்சத்தில் பப்பா சாண்ட்லர் போன்றவர்களைப் பிடித்தார்கள். அது நல்ல கணக்கு என்று நான் இப்போதும் சொல்வேன். ஆனால் காயம்பட்ட ஊர் கணக்கைக் கேட்காது.

ஸ்கீன்ஸ் பெயரைச் சொன்னதும் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பட்டாசு போட்டார்கள். 92 லட்சம் டாலர், அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. 2024 மே 11 முதல் ஆட்டத்துக்குப் போனேன். மணிக்கு நூறு மைலைத் தாண்டிய பந்துகள், ஏழு ஸ்ட்ரைக்அவுட், அரங்கமே நின்றுகொண்டிருந்தது. அவர் வெளியே போன ஐந்தாவது இன்னிங்ஸில் எங்கள் மற்ற பிட்சர்கள் பேஸ் நிரம்பிய நிலையில் வரிசையாக வாக் (தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்) கொடுத்து ரன்களைத் தாரைவார்த்தார்கள். மழை வேறு. கடைசியில் 10-9 என்று ஜெயித்தோம். நனைந்த சட்டையோடு க்ளெமென்ட்டே பாலத்தைக் கடந்தபோது, க்ரூஸ் கட்சிக்காரர் ஒருவர் என் தோளில் தட்டி, “சரி, இவன்தான்” என்றார். அந்த வருடம் சிறந்த புதுமுகத்துக்கான ரூக்கி ஆஃப் தி இயர், அடுத்த வருடம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது.

இப்போது கண் எல்லாம் கானர் கிரிஃபின் மேல். 2024-இல் ஒன்பதாவதாக எடுத்த மிசிசிப்பி பள்ளிப் பையன். 2025-இல் முதல் சீசனிலேயே மைனர் லீக்கின் மூன்று நிலைகளைத் தாண்டினான், 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (ஓடித் திருடிய பேஸ்).

சியாட்டில்

என் பையன் பள்ளி அணியில் இரண்டாம் பேஸ் ஆடுகிறான், அதனால் நான் இதையெல்லாம் அம்மாவின் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2023 டிராஃப்ட் எங்கள் ஊரில் லூமன் ஃபீல்டில் நடந்தது, கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மரீனர்ஸ் 22, 29, 30 என்று மூன்று பேரை எடுத்தது, மூவரும் பள்ளி முடித்த பையன்கள். அந்த 29-ஆவது இடம் ஹூலியோ ரோட்ரிகஸ் ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கியதற்கு அணிக்குக் கிடைத்த பரிசு. எங்களுக்குப் பக்கத்திலிருந்த கூட்டம் ஒரு பெயருக்குக் கை தட்டியது, அடுத்த பெயருக்கு “யார் இவன்?” என்று போனில் தேடியது. பதினெட்டு வயதுப் பிள்ளை. கல்லூரியா, பணமா என்று அந்த வீட்டில் எத்தனை இரவு பேசியிருப்பார்கள்.

எடிசன் அண்ணா, குமார் ராக்கரின் முதல் மேஜர் லீக் ஆட்டம் எங்கள் ஊரில்தான், 2024 செப்டம்பர் 12. எங்கள் அணிக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ், ஏழு ஸ்ட்ரைக்அவுட். என் பையன் மரீனர்ஸ் தொப்பியோடு எழுந்து நின்று கை தட்டினான். நான் உட்காரச் சொல்லவில்லை.

எடிசன், நியூ ஜெர்சி

தங்கச்சி, அதைப் படித்ததும் அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

ஃப்ரிஸ்கோ நண்பருக்கு ஒரு வார்த்தை. 2011-இல் நாங்கள் 13-ஆவதாக பிராண்டன் நிம்மோவை எடுத்தோம். வயோமிங் மாநிலத்துப் பையன், அங்கே பள்ளிகளில் பேஸ்பாலே கிடையாது. அடுத்த இடத்தில் மியாமிக்குப் போனவர் ஹோசே ஃபெர்னாண்டஸ், 2013-இன் ரூக்கி ஆஃப் தி இயர். எத்தனை வருடம் அந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார்கள்! நிம்மோ 2016-இல் வந்தார், பத்து சீசன் எங்களுக்காக ஓடினார். 2025 நவம்பரில் செமியனுக்கு மாற்றாக உங்களிடம் வந்துவிட்டார். ராக்கரும் நிம்மோவும் இப்போது உங்கள் அணியில். நிம்மோ வாக் கிடைத்தாலும் நடந்து போகமாட்டார், முதல் பேஸுக்கு ஓடித்தான் போவார். பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது அதைக் காட்டுங்கள்.