ஓடை நீரைத் தோட்டத்துக்கு எடுப்பது: எங்கள் குழுவின் திருகோணமலை உறுப்பினர்களின் அனுபவங்கள்

குச்சவெளிப் பக்கத்து வீட்டுத்தோட்டக்காரர்:

எங்கள் காணியின் பின்வேலியை ஒட்டி ஓர் ஓடை செல்கிறது. மாரியில் அது கரைபுரண்டு ஓடும். கோடையில் கச்சான் காற்று வீசத் தொடங்கிய பின்னர் பள்ளங்களில் மாத்திரம் நீர் தேங்கி நிற்கும். கிணற்று நீர் கீழிறங்கிய ஒரு சிறுபோக காலத்தில், இரண்டு அங்குல வாட்டர் பம்ப் ஒன்றை வாங்கி ஓடைக்கரையில் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னர் கேட்டறிய விரும்பிக் கிராம அலுவலரிடம் சென்றேன். அவர் பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரிடம் அனுப்பினார்.

அங்கு கிடைத்த விளக்கம் இதுதான். 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க அரச காணிகள் கட்டளைச் சட்டத்தின்படி பொது நீரோடைகளின் நீர் அரசுக்கு உரியது. கரையில் காணி வைத்திருப்பவர் வீட்டுத் தேவைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் கையால் அள்ளி எடுக்கலாம். வாய்க்கால் வெட்டியோ, குழாய் பதித்தோ, மறித்துக் கட்டியோ நீரைத் திருப்புவதற்கும், இயந்திரத்தால் இறைப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஓடையின் இரு கரைகளிலும் ஒதுக்கப்பட்ட காணித்துண்டு இருக்கக்கூடும் என்பதால், நில அளவைப் படத்தைப் பார்க்காமல் பம்புக்கான மேடை கட்டவேண்டாம் என்றும் அந்த உத்தியோகத்தர் சொன்னார்.

வாளிக்கும் பம்புக்கும் இடையில் சட்டம் இவ்வளவு பெரிய வேறுபாடு பார்ப்பது முதலில் எனக்கு வியப்பாக இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அதன் நியாயம் விளங்கிற்று. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு நீர் விட ஒரு லீற்றர் வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்று கொண்டால், 100 சதுர மீற்றர்த் தோட்டத்துக்கு 500 லீற்றர், அதாவது பத்து லீற்றர் வாளியில் ஐம்பது வாளி. இரண்டு அங்குலப் பம்ப் அந்த நீரை ஓரிரு நிமிடங்களில் எடுத்துவிடும். ஆனால் பம்பை ஓரிரு நிமிடங்களில் நிறுத்துபவரை நான் எங்கும் கண்டதில்லை. ஒரு மணித்தியாலம் ஓடினால் தேங்கிநிற்கும் பள்ளம் வெறுமையாகும். கீழே மாடு வளர்ப்பவருக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

தம்பலகாமம், ஓய்வுபெற்ற கமநல உத்தியோகத்தர்:

மேலே சொல்லப்பட்டது இயற்கையான ஓடைக்குப் பொருந்தும். ஆனால் எங்கள் பகுதியில் பலர் “ஓடை” என்று காட்டும் இடம் உண்மையில் வயலுக்கு நீர் கொண்டுவரும் பாசன வாய்க்காலாகவோ, வயலில் மிஞ்சிய நீரை வெளியேற்றும் வடிச்சல் வாய்க்காலாகவோ இருக்கும். ஓடைக்கும் வாய்க்காலுக்கும் சட்டம் வேறு. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் நீர் போகத்தின் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானப்படியே வயல்களுக்குப் பங்கிடப்படுகிறது. அந்த வாய்க்காலின் கரையை வெட்டுவதும், மதகில் கைவைப்பதும் 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். “கத்தரிக்குத்தானே எடுத்தேன்” என்ற விளக்கம் அங்கு உதவாது.

நான் பணியில் இருந்தபோது, வாய்க்கால் ஓரத்தில் பயிற்றையும் தக்காளியும் நட்டிருந்த ஒரு தாயார் மீது முறைப்பாடு வந்தது. கமக்காரர் அமைப்பினரைக் கூட்டிப் பேசியபோது, பாசன வாய்க்காலைத் தொடாமல் வடிச்சல் வாய்க்காலிலிருந்து அவர் எடுத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. எல்லாரும் திருப்தியோடு கலைந்தார்கள். சில வாரங்களில் அவருடைய தக்காளி இலைகள் முறுக்கிச் சுருண்டன. மேல்வயல்களில் அகன்ற இலைக் களைகளுக்கு எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியை அடித்திருந்தார்கள்; அது வடிச்சல் நீரோடு வந்துவிட்டது. அந்தக் களைகளைக் கொல்லும் மருந்து தக்காளிக்கும் பயிற்றைக்கும் அதே தீங்கைச் செய்யும். வடிச்சல் நீரை எடுப்பவர், வயலில் களைநாசினி அடிக்கும் நாட்களை அயலாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுதல் அவசியம். உரிமை பற்றிய பிணக்கு தீர்ந்துவிட்டால் நீரும் நல்லதாகிவிடும் என்று நாங்கள் யாருமே எண்ணியிருக்கக் கூடாது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு மனவருத்தமே.

கும்புறுப்பிட்டி, வெங்காயச் செய்கையாளர்:

கடலுக்கு அண்மையில் இருப்பவர்கள் அனுமதியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் உப்பைப் பற்றி யோசிக்கவேண்டும். மழை நின்று மேலிருந்து வரும் நன்னீர் குறைந்ததும் கடல்நீர் ஓடைக்குள் ஏறுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று முடிவு செய்வது வெங்காயத்துக்குப் போதாது. நீரில் உப்பு கூடக்கூட உயரும் மின்கடத்துதிறனை அளக்கும் சிறிய கருவி ஒன்றைப் பலர் சேர்ந்து வாங்கி வைத்திருக்கலாம். பாசன நீர் மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் குறைவாக இருந்தால் பயமில்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான மரக்கறிகளுக்கு அது ஆகாது. அதே அலகில் மண்ணின் உவர் 1.0ஐக் கடந்தால் போஞ்சியும், 1.2ஐக் கடந்தால் வெங்காயமும் விளைச்சல் குறையத் தொடங்கும், தக்காளி 2.5 வரையும், பீற்றூட் 4 வரையும் தாங்கும்.

உப்புநீர் கனமானது என்பதால் ஓடையின் அடியில் கிடக்கும். மேல்நீர் அளவுக்குள் இருக்கும்போதே அடிநீர் கெட்டிருக்கலாம். அனுமதியோடு பம்ப் வைத்திருக்கும் எங்கள் அயலவர் ஒருவர், உறிஞ்சுகுழாயின் நுனியை மிதவையில் கட்டி மேல்மட்டத்து நீரை மட்டும் எடுக்கிறார். அந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

உப்பு ஏறாமலிருக்க ஓடையை மண்மூடைகளால் மறிக்கலாம் என்று எங்கள் ஊரில் சிலர் முன்வந்தனர். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின் கரையோர வலயம், கடற்கரையில் உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர் வரை செல்கிறது. கடலோடு தொடர்புள்ள ஆறு, ஓடை, களப்பு வழியாக அது 2 கிலோமீற்றர் வரை நீள்கிறது. பயிர் செய்வதற்கு அச்சட்டத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வலயத்தின் இயற்கை அமைப்பை மாற்றும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும் என்பதால், மூடை அடுக்குவதும் அதற்குள் அடங்கும் என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம்; அந்த யோசனை அத்துடன் நின்றது. ஓடைக்குள் ஏறிவரும் இறாலையும் மீனையும் நம்பி வாழும் குடும்பங்களை எண்ணும்போது, நின்றது நல்லதென்றே நான் கருதுகிறேன்.

வெருகல், விவசாயக் குடும்பத்துப் பெண்:

எங்கள் பக்கத்து ஆறுகளில் முதலை உண்டு. விடியற்காலையிலும் மாலைக் கருக்கலிலும் கரையில் குனிந்து வாளியால் அள்ளவேண்டாம். நீண்ட தடியில் வாளியைக் கட்டி எட்ட நின்று அள்ளுங்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய நீருக்குள் இறங்கவும் வேண்டாம். எங்கள் ஊரில் எலிக்காய்ச்சலால் வைத்தியசாலைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயல் வேலை செய்பவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகத் தடுப்பு மாத்திரை வழங்கப்படுவது உண்டு. ஓடையில் இறங்கித் தோட்டத்துக்கு நீர் எடுப்பவர்களும் அதைக் கேட்டுப் பெறவேண்டும்.

குச்சவெளிப் பக்கத்து வீட்டுத்தோட்டக்காரர்:

பலரும் தனிச்செய்தியில் கேட்டதால் முடிவையும் எழுதுகிறேன். பம்ப் வாங்கவில்லை. கையால் அள்ளி, உயரத்தில் வைத்த தாங்கியை நிரப்பி, அதிலிருந்து சொட்டுக் குழாய்களால் வேரடிக்கு விடுகிறோம். மேலே கால்நடைகள் இறங்கும் ஓடை இது என்பதால், பச்சையாக உண்ணும் வல்லாரைக்கும் சலாது இலைக்கும் இந்த நீரை விடுவதில்லை. அவற்றுக்குக் கிணற்று நீர்தான்.

கீழ்க்கரையில் இருப்பவர் ஒருநாள் வந்து, நாங்கள் எடுப்பதால்தான் தன் பள்ளம் வற்றியது என்றார். தாங்கியின் கொள்ளளவைக் காட்டி, நாளொன்றுக்கு ஒருமுறைதான் நிரப்புகிறோம் என்று விளக்கியதும் அவர் ஏற்றுக்கொண்டார். ஏற்றிராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போயிருப்போம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அச்சபைகளில் இத்தகைய அயலவர் பிணக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே பேசித் தீர்க்கலாம்.

பம்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள், காணி உறுதியின் பிரதியோடு, நீர் எடுக்கும் இடத்தைக் குறித்த வரைபடம், பயிர்ப் பரப்பு, நாளாந்தத் தேவை லீற்றரில், கீழ்க்கரைக் காணிக்காரர்களின் எழுத்துமூலச் சம்மதம் ஆகியவற்றையும் இணையுங்கள். கோடையில் எந்த மட்டத்துக்கு நீர் இறங்கினால் இறைப்பை நிறுத்துவீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். கள ஆய்வுக்கு வரும் உத்தியோகத்தர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.