ஈயம் கொடுத்த எலிகளில் முருங்கை இலைச் சாறு: ஆய்வு அமைப்பில் சில சந்தேகங்கள்

கேள்வி (கேட்பவரின் புனைபெயர் இலைச்சாறு):
விஸ்டார் வகை ஆய்வக எலிகளில் 28 நாள் ஆய்வு. குடிநீரில் லெட் அசிடேட் (ஈய உப்பு), கூடவே தினமும் வாய்வழியாக முருங்கை இலை எத்தனால் சாறு, கிலோ எடைக்கு 200, 400 மி.கி. ஈயக் கரைசல் பால்போலக் கலங்கி, பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. என்ன செய்யலாம்? இரத்த ஈயத்தைச் சீரத்தில் (செல்கள் நீக்கிய இரத்த நீரில்) அளந்தால் போதுமா? சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) மட்டும் பார்ப்பதாகத் திட்டம்.

பதில் (புனைபெயர் குடுவை):
குழாய்த் தண்ணீரில் உள்ள கார்பனேட்டும் சல்பேட்டும் ஈயத்தைப் படிய வைக்கின்றன. எலி குடிப்பது தெளிந்த மேல்நீரை, அதாவது நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த அளவை. அயனி நீக்கிய நீரில் கரையுங்கள். லிட்டருக்குச் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் தெளிவாக நிற்கும். ஈயம் கொடுக்காத குழுவுக்கு அதே அளவு அசிடேட், சோடியம் அசிடேட்டாக.

மூன்று நீர்மூலக்கூறு உள்ள உப்பா, நீரற்றதா என்று புட்டியைப் பாருங்கள். முன்னதில் ஈயம் 54.6%, பின்னதில் 63.7%. ஈயம் கலந்த நீரை எலிகள் குறைவாகக் குடிப்பதுண்டு. பாட்டிலைத் தினமும் எடை போடுங்கள்.

சீரம் வேண்டவே வேண்டாம். இரத்தத்து ஈயத்தில் 95 சதவீதத்துக்கு மேல் சிவப்பணுக்களில் இருக்கிறது. முழு இரத்தம்தான். ஏ.எல்.ஏ.டி. நொதியும் (ஈயம் முடக்கும் இரத்த நொதி) பார்ப்பதானால், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுங்கள்; ஈ.டி.டி.ஏ. குழாய் வேண்டாம், அது அந்த நொதிக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பதில் (புனைபெயர் வேர்மண்):
உப்புப் படிவைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஈயம், சாறு இரண்டையும் ஒரே குடலுக்குள் அனுப்புகிறீர்கள். இலையின் டேனினும் சுண்ணாம்புச் சத்தும் ஈயத்தை அங்கேயே தடுத்துவிட்டால், உறுப்பைக் காத்ததாகச் சொல்ல முடியாது. ஈயம் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். இந்த வகைக் கட்டுரைகள் பலவற்றை நம்ப முடியாமல் போவது இதனால்தான்.

ஒரு குழுவுக்காவது ஈயத்தை வயிற்றறை ஊசியாகக் கொடுங்கள், அல்லது ஈயத்தை நிறுத்திய பிறகு சாறு தொடங்குங்கள். சிறுநீரகத்தில் படிந்த ஈயத்தையும் அளந்தாக வேண்டும். அது குறையாமல் எம்.டி.ஏ. (ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அளவுகோல்) மட்டும் குறைந்தால் ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்று பேசலாம். ஈயமே குறைந்தால் கதை வேறு. சாறு மட்டும் பெறும் குழு, ஒப்பீட்டுக்கு டி.எம்.எஸ்.ஏ. (ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து) குழு இரண்டும் அவசியம்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். திசுவெட்டில் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழல் (வடிகட்டிய நீர் முதலில் செல்லும் நுண்குழல்) செல்களின் உட்கருவைப் பாருங்கள். ஈயத்துக்கே உரிய உள்ளடக்கப் பொருள்கள் (ஈயமும் புரதமும் சேர்ந்த திரள்கள்) தெரியும்.

இலையையும் சோதியுங்கள். மூலிகைப் பொருளுக்கு ஈயம் 10 பி.பி.எம். (கிலோவுக்கு மி.கி.), காட்மியம் 0.3 பி.பி.எம். என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சாலையோர மரத்து இலை வேண்டாம்.

இலைச்சாறு:
நன்றி. 200 மி.கி. மனிதருக்கு எவ்வளவு ஆகும்? முடிவுரையில் எழுதலாமா?

குடுவை:
உடல் பரப்பை வைத்துக் கணக்கிட, எலி அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும்: கிலோவுக்கு 32 மி.கி. 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.9 கிராம் சாறு. உங்கள் விளைச்சல் 10% என்றால் 19 கிராம் உலர் இலை. கணக்கை எழுதலாம், சிகிச்சை என்று எழுதக் கூடாது. குழந்தைக்கு இரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தொட்டால் டி.எம்.எஸ்.ஏ. போன்ற மருந்துதான், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அகற்றுவது அதற்கும் முன்.