செல்ஃப் சுத்துது, வண்டி பிடிக்கலை: பெட்ரோல் ஓவர் ஆன இன்ஜின் அனுபவங்கள்

ஈரோடு:
இந்தப் பக்கம் அதிகமா வர்ற கேஸ் இதுதானுங்க. வாசல்ல மஞ்சள் காயப் போடணும்னு காரை ஸ்டார்ட் பண்ணி, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் பண்ணிடறாங்க. பொழுதோட ஒறம்பரை வீட்டுக்குக் கிளம்பலாம்னு சாவியைத் திருப்பினா செல்ஃப் நல்லாச் சுத்துது, இன்ஜின் பிடிக்கறதில்லை. பேட்டரி போச்சு, பம்ப் போச்சுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

நடக்கறது என்னன்னா, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலா விடும். குளிர்ந்த உலோகத்துல அது சரியா ஆவியாகாது. சூடேறி எரியறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா மிச்சம் ஸ்பார்க் பிளக் மூக்குலயே தங்கிடுது. அங்க ஏற்கனவே இருக்கற கரி நனைஞ்சு, கரன்ட் அது வழியா பாடிக்கு இறங்கிடும். இடைவெளியைத் தாண்டி ஸ்பார்க் விழாது. திரும்பத் திரும்ப செல்ஃப் அடிச்சா இன்னும் பெட்ரோல்தான் ஏறும்.

இன்ஜெக்ஷன் வண்டிக்கு, அதாவது ஈசியூ சொல்ற அளவுக்கு இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கற வண்டிக்கு, வழி: பத்துப் பதினஞ்சு நிமிஷம் பானெட்டைத் திறந்து விட்டுடுங்க. பொறகு சாவியைத் திருப்பறதுக்கு முன்னாடியே ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிச்சுப் பிடிச்சுட்டு 5 முதல் 8 செகண்ட் செல்ஃப் அடிங்க. த்ராட்டில், அதாவது காத்து உள்ள போற கதவு, முழுசாத் திறந்திருக்குன்னு தெரிஞ்சா பெரும்பாலான ஈசியூ இன்ஜெக்டரை நிறுத்திடும், காத்து மட்டும் போய் உள்ள இருக்கறதைத் தள்ளிக்கிட்டு வரும். பிடிக்கலைன்னா ஒரு நிமிஷம் விட்டு மறுபடி. படபடன்னு பிடிச்ச உடனே காலை எடுத்துடணும், இல்லைன்னா ஆர்பிஎம் எகிறிடும். கருப்புப் புகை வந்து ரெண்டு நிமிஷம் தடுமாறும், பயப்பட வேண்டாம். ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க. இன்ஜின் நல்லாச் சூடேற இருபது நிமிஷம் ஓட்டுங்க.

பத்தடி நகர்த்த ஸ்டார்ட்டே பண்ண வேண்டியதில்லை. நியூட்ரல்ல போட்டு ரெண்டு பேர் தள்ளினாப் போதும். மஞ்சள் காயப் போடற வீட்டுல ஆளுக்கா பஞ்சம்?

கோயம்புத்தூர்:
அதுக்கு முன்னாடி, பெட்ரோல் ஓவர்தானான்னு உறுதி பண்ணிக்கணும். பேட்டரி ஓய்வுல 12.4 வோல்ட்டுக்கு மேல இருக்கணும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கினா முதல்ல பேட்டரியைப் பாருங்க. இன்ஜின் மெதுவாச் சுத்தினா ஓவர் ஆனது சீக்கிரம் தெளியாது. சைலன்சர் பக்கம் எரியாத பெட்ரோல் வாடை அடிக்கணும். வாடையே இல்லைன்னா பெட்ரோல் வரவே இல்லைன்னு அர்த்தம், இந்த வைத்தியம் வேண்டாம்.

பட்டன் ஸ்டார்ட் வண்டின்னா பிரேக்கும் ஆக்சிலேட்டரும் சேர்த்து மிதிச்சுட்டுப் பட்டனை அழுத்தணும். கியர் வண்டியில கிளட்சும். எல்லா மாடல்லயும் இந்த வசதி இருக்காது, மேனுவலைப் பாருங்க. இல்லைன்னா ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிட்டு செல்ஃப் அடிச்சா அதே வேலை நடக்கும். ஒரு தடவைக்குப் பத்து செகண்டுக்கு மேல அடிச்சா மோட்டார் சூடேறிக் கருகும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ற பழக்கம் இங்க இன்னும் போகலை. உள்ள பெட்ரோல் நிறைஞ்சிருக்கும்போது தள்ளினா எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் எரியும். கன்வர்ட்டர் விலையை ஒரு தடவை விசாரிச்சுட்டு அப்புறம் தள்ளுங்க.

கோபி:
கார்புரேட்டர் வண்டிக்கு, அதாவது ஈசியூ இல்லாம காத்தோட இழுப்புலயே பெட்ரோல் கலக்கற பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் எல்லாத்துக்கும், மேல சொன்னதுல ஒரு திருத்தம். ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சு விடக்கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலேட்டர் பம்ப் ஒரு பீச்சு பெட்ரோலை உள்ள விடும். நிதானமா ஒரே அழுத்தா அழுத்தி அப்படியே பிடிக்கணும். காத்தை அடைச்சுப் பெட்ரோலைக் கூட்டற சோக் உள்ள தள்ளியிருக்கணும். ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி சோக் தகடு நேரா நிக்குதான்னு கண்ணால பாருங்க. கேபிள் தளர்ந்து தகடு பாதியில மூடியே கிடக்கும்.

நிறுத்தி வச்சிருந்தாலே ஓவர் ஆகுதுன்னா கார்புரேட்டருக்கு வர்ற பெட்ரோலை அடைக்கற நீடில் வால்வுல தூசி மாட்டியிருக்கும், இல்லைன்னா அதை மூட வைக்கற மிதவை, அதாவது ஃப்ளோட், ஓட்டை. ஃப்ளோட் அறையை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மெதுவாத் தட்டினா சில சமயம் தூசி விடும். பித்தளை ஃப்ளோட்டைக் கழட்டிக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் சளசளன்னு கேட்டா ஓட்டை. எங்க ஓட்டைன்னு தெரிய வெந்நீர்ல அமுக்குங்க, நீர்க்குமிழ் வர்ற இடம்தான். வெளிய சொட்டற அளவுக்கு வந்துட்டா செல்ஃப் அடிக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

கரூர்:
கார்புரேட்டர்ல கேஸ் கிட் போட்ட வண்டின்னா சுவிட்ச்ல பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நடுவுல ஒரு நிலை இருக்குமே, அதுல வச்சு செல்ஃப் அடிங்க. ரெண்டுமே போகாது. ஃப்ளோட் அறையில மிச்சம் இருக்கறது தீர்ந்த பிறகு வெறும் காத்துதான்.

பொள்ளாச்சி:
மூணு தடவை முயற்சி பண்ணியும் வரலைன்னா பிளக்கைக் கழட்டிடறதுதான் நல்லது. இன்ஜின் ஆறியிருக்கணும், அலுமினிய ஹெட் சூடா இருக்கும்போது கழட்டினா மரை போயிடும். பிளக்குக்கு மேல இருக்கற இக்னிஷன் காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பானர், பிளக்குக்கு 16, பழசுக்கு 21. கழட்டறதுக்கு முன்னாடி குழியில காத்தடிச்சு மண்ணை ஊதிடுங்க. தென்னந்தோப்புக்குள்ள ஓடற வண்டியில குழி நிறையப் புழுதிதான். அது சிலிண்டருக்குள்ள விழுந்தா பெட்ரோல் ஓவரைவிடப் பெரிய செலவு.

கழட்டின பிளக்கைக் காகிதத்துல ஒத்தி எடுங்க. ஈரம் காஞ்சு மறைஞ்சா பெட்ரோல். கறை நின்னா ஆயில், அது ரிங் அல்லது வால்வு சீல் பிரச்சினை. பஞ்சர் கடைக் காத்துல ஊதினாலே காஞ்சிடும், வெயில்ல வச்சாலும் சரி. கேஸ் அடுப்புல வாட்டறதை விட்டுடுங்க, பீங்கான் விரிசல் விடும். இரிடியம் பிளக்னா கம்பி பிரஷ் படக்கூடாது. இடைவெளி கார்புரேட்டர் 800க்கு 0.7 முதல் 0.8 மிமீ, புதுசுகள்ல பெரும்பாலும் 1.0 முதல் 1.1.

பிளக் வெளிய இருக்கும்போதே, பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டரையும் எடுத்துட்டு, 5 செகண்ட் சுத்த விடுங்க. ஓட்டை வழியா பெட்ரோல் புகையாப் பீச்சும். தள்ளி நில்லுங்க, பக்கத்துல பீடி பிடிக்கற ஆளையும் தள்ளி நிக்கச் சொல்லுங்க.

கழட்டறதுக்கு முன்னாடி செல்ஃப் சத்தம் "டுக் டுக் டுக்"னு இல்லாம "விர்ர்ர்"னு இழுத்துச்சா? சிலிண்டர் சுவர்ல இருந்த ஆயிலைப் பெட்ரோல் கழுவிடுச்சு, கம்ப்ரஷன், அதாவது உள்ள காத்தை அமுக்கற அழுத்தம், இல்லை. சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன், 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டுச் சுத்தினா திரும்பிடும். அதுக்கு மேல ஊத்தாதீங்க. ஸ்டார்ட் ஆனதும் வெள்ளையா நீலமாப் புகையும், கொஞ்ச நேரத்துல நின்னுடும்.

மாட்டும்போது முதல்ல கையாலயே திருகணும். வாஷர் வச்ச புதுப் பிளக்னா கை நின்ன இடத்துல இருந்து அரைச் சுற்று. பழசுன்னா கடிகாரத்துல சின்ன முள் ஒரு மணி நேரத்துக்கு நகர்ற தூரம், அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையம்:
கீழ டியூன் பண்ணின கார்புரேட்டர் வண்டி ஊட்டி போய்க் காலையில பிடிக்கலைன்னா ஆச்சரியப்படாதீங்க. 2,240 மீட்டர்ல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு, பெட்ரோல் வர்ற துளையான ஜெட் அதே ஜெட். காத்துக்கு மேல பெட்ரோல் தானாவே கூடிடுது. குளிருதேன்னு சோக்கை முழுசா இழுத்துட்டே சுத்தினா பிளக் நனையும். பிடிக்க ஆரம்பிச்சதுமே பாதி தள்ளிடுங்க.

திருப்பூர்:
அடிக்கடி ஓவர் ஆகுதுன்னா காரணம் வேற. ஈசியூவைப் படிக்கற ஸ்கேனர்ல கூலன்ட் (இன்ஜின் தண்ணி) சூடு மைனஸ் 40ன்னு காட்டுதா பாருங்க. திருப்பூர்ல மைனஸ் 40 வந்தா செய்தியில வந்திருக்கும். அது சென்சார் ஒயர் அறுந்த கணக்கு. அதை நம்பி ஈசியூ பனிப்பிரதேசத்துக்கான பெட்ரோலை ஊத்தும். பங்க்ல டேங்க் நிரப்பின கையோட மட்டும் பிடிக்க அடம் பண்ணினா டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடற பர்ஜ் வால்வு மூடலை, ஆவி நேரா மேனிஃபோல்டுக்கு, அதாவது காத்து உள்ள போற குழாய்க்கு, போகுது. ராத்திரி நிறுத்திக் காலையில மட்டும்னா இன்ஜெக்டர் ஒழுக்கு: இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் தர்ற குழாயான ரெயில்ல பிரஷர் கேஜ் போட்டு, ஆஃப் பண்ணின பிறகு 3 பார் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாருங்க. பம்ப் வால்வு ஒழுகினாலும் பிரஷர் இறங்கும், ஆனா அதுல பிளக் நனையாது.

கோயம்புத்தூர்:
லங்கா கார்னர் மாதிரி பாலத்தடியில தண்ணிக்குள்ள நின்ன வண்டிக்கு இது எதுவும் பொருந்தாது. அங்க ஒரு தடவை செல்ஃப் அடிச்சாலே பிஸ்டனைப் பிடிச்சிருக்கற கனெக்டிங் ராடு வளைஞ்சிடலாம். பேட்டரியைக் கழட்டிட்டு டோ பண்ணுங்க.

ஈரோடு:
ஒண்ணு விட்டுப் போச்சுங்க. ஸ்டார்ட் ஆன மறுநாள் டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சு, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தா ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திட்டுத்தான் வெளியூர் எடுக்கணும்.