காக்கா ஆழியைத் தின்றே ஒழித்துவிட முடியுமா?

அலையாத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எண்ணூர்க் கழிமுகத்தில் பெருகி, பழவேற்காடு வரை பரவிவிட்ட காக்கா ஆழி என்ற சிப்பியினத்தைப் பற்றி ஓர் ஐயம். தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இச்சிறு ஆழி, கப்பல் சாயாமலிருக்க ஏற்றும் பேலஸ்ட் நீரிலோ கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டோ வந்திருக்கலாம் என்கிறார்கள். நம் பச்சை ஆழியும் கூட்டமாக ஒட்டி வாழ்வதுதானே, இதை மட்டும் ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? பிரேசிலில் மாசெயோ நகரை ஒட்டிய முண்டாவு காயலில் இதைச் 'சுருரு' என்று சொல்லி விரும்பி உண்கிறார்கள். நாமும் பிடித்து விற்றே தீர்த்துவிட முடியாதா?

சேற்றுக்கால் எழுதியது:

பச்சை ஆழி பெரும்பாலும் பாறையையும் துறைமுகத் தூண்களையும் பற்றிக்கொள்ளும். காக்கா ஆழியோ சேற்றுப் படுகையையே பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொன்றும் நூல் போன்ற இழைகளை விட்டுப் பக்கத்து ஆழியோடு தன்னைக் கட்டிக்கொள்வதால், சில காலத்தில் ஆற்றடி முழுவதும் கறுப்புப் பாய் விரித்தது போலாகிவிடுகிறது. அந்தப் பாய்க்குக் கீழே இறால் புதைய இடமில்லை; மண்ணுக்குள் இருந்தபடி குழாயை மேலே நீட்டி நீரை உறிஞ்சும் மட்டிக்கு மூச்சில்லை; புழுக்கள் குறைந்தால் அவற்றைத் தின்னும் மீனும் அங்கே தங்காது. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களுக்கு, இறால் அகப்பட வேண்டிய இடத்தில் கையைக் கீறும் ஓடுதான் அகப்படுகிறது. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே ஆழி பரவியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2002ஆம் ஆண்டிலேயே சேர்ந்த ஈரநிலம் அது. அங்குள்ள மட்டித் தொழில் 2014இல் நீடித்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழும் பெற்றது. சான்றிதழைப் பார்த்து ஆழி திரும்பிப் போய்விடவில்லை.

நெய்தல்வாசி எழுதியது:

உண்டு தீர்க்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரேசிலில் அது சொந்த மண்ணின் உயிர். அதைத் தின்னும் உயிர்களும் அதனோடு சேர்ந்தே உருவானவை. இங்கே, அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக்கழிவும் கலந்த கொசஸ்தலையாற்று முகத்தில், நீரை வடிகட்டித் தின்னும் ஓர் ஆழி கன உலோகங்களையும் தன் சதையில் சேர்த்துக்கொள்ளும். முறையாகச் சோதிக்காமல் அதை மனிதருக்கு உணவாகவோ இறால் பண்ணைக்குத் தீவனமாகவோ கொடுக்கக் கூடாது. இன்னொன்று, விலை கிடைக்கத் தொடங்கிவிட்டால் அதை ஒழிக்க யாருக்கும் மனம் வராது. இல்லாத காயலிலும் கொண்டுபோய் விதைத்துவிடுவார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை இருந்தும் அது நம் ஏரி குளங்களில் திரிவது அதற்குச் சந்தை இருப்பதால்தான்.

அலையாத்தி எழுதியது:

விளக்கத்திற்கு நன்றி. அப்படியானால் பொக்லைனை இறக்கி ஒரேயடியாக வாரிவிடுவதுதான் வழியா?

சேற்றுக்கால் எழுதியது:

முகத்துவாரத்தின் ஆழமான பகுதியில், படுகையின் மேற்பரப்பு முழுதும் ஆழியாகவே கிடக்கும் இடங்களில், இயந்திரம் தேவைப்படலாம். ஆனால் அது ஆழியோடு எஞ்சியிருக்கும் மட்டியையும் புழுவையும் சேற்றோடு அள்ளிவிடும். வெறுமையான அந்தப் படுகையில் முதலில் குடியேறப்போவதும் பெரும்பாலும் காக்கா ஆழியாகவே இருக்கும். ஏனெனில் அதன் இளம்புழுக்கள் நீரில் மிதந்து பரவுகின்றன, உப்பு கூடினாலும் குறைந்தாலும் அது தாங்கிக்கொள்கிறது. ஆகவே இறால் பிடிக்கும் ஆழமற்ற பகுதிகளில், படுகையை அறிந்த மீனவர்களுக்கே கூலி கொடுத்துக் கையால் பெயர்த்தெடுக்கச் செய்து, அதே இடங்களை ஒவ்வொரு பருவத்திலும் மீண்டும் பார்க்க வேண்டும். அள்ளியதை ஆற்றோரம் குவிக்காமல், அலையும் வெள்ளமும் எட்டாத மேட்டில் உலர்த்திவிடுவது முக்கியம். உயிரோடு மீண்டும் நீரில் விழுந்தால் அது திரும்பவும் இழைவிட்டுப் பற்றிக்கொள்ளும்.

நெய்தல்வாசி எழுதியது:

வரும் வழியை அடைப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேலஸ்ட் நீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எண்ணூரில் துறைமுகங்கள் இருக்கும்வரை, துறைமுகத் தூண்களிலும் மிதவைகளிலும் புதிதாக என்ன ஒட்டியிருக்கிறது என்று தவறாமல் பார்ப்பதற்கு ஒரு குழு வேண்டும். அதில் விலங்கியல் படித்தவர்களோடு பறியெடுத்து இறங்குபவர்களும் இடம்பெற வேண்டும். படுகை மாறுவதை முதலில் உணர்வது அவர்கள் கைதான்.