புதுப்பிப்பு: இரண்டு பேருக்கான சாம்பார் இப்போது சரியாக வருகிறது

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். எவ்வளவு குறைத்து வைத்தாலும் சாம்பார் மிஞ்சுகிறது, இன்னும் குறைத்தால் உப்பும் புளியும் தூக்கலாகிவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தவறு பாத்திரத்தில் இருந்தது. அகலமான பாத்திரத்தில் கொஞ்சமாகக் குழம்பு கொதித்தால் தண்ணீர் மளமளவென்று வற்றிவிடும், உப்பும் புளியும் அப்படியே நிற்கும். இப்போது வாய் குறுகிய சின்னப் பாத்திரத்துக்கு மாறிவிட்டேன். துவரம்பருப்பு மூன்று மேசைக்கரண்டி, புளி பாதி நெல்லிக்காய் அளவு, சாம்பார் பொடி ஒரு தேக்கரண்டி, ஒரு முருங்கைக்காய். பருப்பைச் சின்னக் கிண்ணத்தில் வைத்து, அரிசியோடு ஒரே குக்கரில் ஏற்றிவிடுகிறேன். இரண்டு வேளைக்குச் சரியாக இருக்கிறது.

தாளிப்பைப் பற்றி ஒருவர் சொன்னது பெரிய உதவி. வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் அது பரவிப்போய், கடுகு நனையாமல் கருகும். தாளிப்புக் கரண்டியில் அதே எண்ணெய் குழியில் தேங்கி நிற்கிறது. கடுகு முழுக்க மூழ்கி ஒன்றுவிடாமல் வெடிக்கிறது. வாசனையே வேறு!

தேங்காயைத் துருவி, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன்.

கீரைக்கட்டுதான் இன்னும் பெரிதாக இருக்கிறது. பாதியை அன்றைக்கே கூட்டு வைத்து, மீதியைக் கழுவாமல் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் பொரியல் செய்கிறேன்.